சக்கரத்துக்கடியில் கல் வைப்பவள்

அவளைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஏற்கெனவே மலையில் பாதிப் பேர் அவள் புகழ் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் நான் வேறு எதற்கு? ஆனால் மலை, சரிவு, வண்டி என்று எதை நினைத்தாலும் அவள்தான் குறுக்கே வந்து நிற்கிறாள். கையில் ஒரு கல்லோடு.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு ஏறும் ஜீப்பில் முன் சீட்டு என்னுடையது. ஓட்டுகிறவர் என் தாய்மாமா. மற்றவர்கள் எல்லாம் பின்னால் ரேஷன் மூட்டையோடும் சிமெண்ட் மூட்டையோடும் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கி வருவார்கள். நான் காலை நீட்டி, போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து, ராஜா மாதிரி வருவேன். அவள் கடைசியில் வருவாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில், கை கம்பியில். இடம் இருந்தால்கூட உள்ளே வர மாட்டாள்.

ஏன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது வளைவில் ஜீப் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் என்று ஒன்று அந்த ஜீப்பில் இருக்கிறது, அழகுக்கு. மாமா பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கல்லு!" என்று கத்தினார். கத்திய வாய் மூடுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வச்சாச்சுண்ணா!"

எட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்துவிட்டு, கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஜீப் நிற்பதற்கு முன்னாடியே குதித்திருக்க வேண்டும். உள்ளே இருந்த பெண்கள் இறங்கலாமா என்று யோசித்தார்கள். அவள் சொன்னாள்:

"எறங்குங்கக்கா. நிக்குது, ஆனா நம்பாதீங்க."

இதுதான் அவள் வசனம். எந்த வண்டியைப் பார்த்தாலும் இதுதான். நிக்குது, ஆனா நம்பாதே.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் ஏறியதும், மாமா என்னிடம் சொன்னார், "பொண்ணு உஷாரு மாப்ள. எவ்ளோ வருசமா ஓட்றேன், இப்டி ஒரு கல்லு வைக்கிற ஆள நான் பாத்ததில்ல." அடுத்த நாளிலிருந்து அவள் வராமல் ஜீப் கிளம்பாது. "இரு மாப்ள, அந்தப் பொண்ணு வந்துரும்." ஒரு நாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஹாரன் அடித்துப் பார்த்து என்னை விட்டுவிட்டுப் போன அதே மாமா. சொந்த அக்கா மகன் நான். எனக்கு முதல் முதலாக வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

காலேஜில் அவள் என் வகுப்பு. தாவரவியல். அங்கே போயும் அடங்கவில்லை. எங்கள் காலேஜ் போர்ட்டிகோ லேசாகச் சரிவு. பிராக்டிகல் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் அங்கே காரை நிறுத்தினார். இவள் தேர்வு எழுதப் போகிற அவசரத்திலும் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சாயந்திரம் அவர் காரை எடுத்தார். தடக்! இறங்கினார், டயரைப் பார்த்தார், குனிந்தார். இவள் ஓடினாள்.

"சார், சார், சாரி சார், எடுக்க மறந்துட்டேன்."

"நீதான் வச்சியா? எதுக்கும்மா?"

"நின்னுனு இருந்துச்சு சார். நம்பிக்க வரல."

அவர் ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு! போகிறபோது எந்த ஊர் என்று கேட்டு, பலாப்பழம் எப்போது வரும் என்று கேட்டு, கண்ணாடியை இறக்கி டாட்டா காட்டிவிட்டுப் போனார். அன்று காலையில் அவருக்கு மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக் கொடுத்தது, ஃபேனைப் போட்டது, தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தது எல்லாம் நான். என்னை யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

எப்போதும் இப்படித்தான். அவள் ஏதாவது சொதப்புவாள், அந்தச் சொதப்பலுக்கே ஆட்கள் மயங்குவார்கள். பானிபூரி வண்டிக்குக் கல் வைத்தாள். வண்டிக்காரர் தள்ளப் பார்த்து ரசம் முழுக்கத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குத் தட்டில் இரண்டு பூரி கூட விழுந்தது. எனக்கு? எண்ணிப் போட்டார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏய், உனக்கு இன்னா வியாதி? எதுக்கு எல்லாத்துக்கும் கல்லு வைக்கிற?"

"எங்க சின்னம்மா வூட்டு புளி லோடு வண்டி தானா உருண்டு போயி பலா மரத்துல மோதிச்சுடா. மோதுனதோட வுட்டா பரவால்ல, மேலேருந்து பழம் உழுந்து டாப்பு கிழிஞ்சிச்சு."

வேறொரு நாள் இன்னொருத்தி அதே கேள்வியைக் கேட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன். அவளுக்குச் சொன்ன கதையில் புளியும் இல்லை, பலாவும் இல்லை. மாட்டு வண்டி ஒன்று கல்யாண மாப்பிள்ளையோடு ஓடைக்குள் போனது. மாமாவிடம் மூன்றாவதாக ஒன்று சொல்லியிருக்கிறாள். அதில் ஓடினது ஆட்டுரல். எது உண்மை என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

இதோடு போயிருந்தால் அவளை மறந்திருப்பேன். அந்த சீட் விஷயம் வந்தது.

எங்கள் காலேஜுக்கும் பிரான்ஸில் ஒரு சின்ன விவசாயப் பள்ளிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வருஷத்துக்கு ஒரு மாணவர். திராட்சை அறுவடைக் காலம் முழுக்க அங்கே ஒரு விவசாயி வீட்டில் தங்கி வேலை கற்றுக்கொள்ளலாம். அந்த இடம் எங்கே இருக்கிறது தெரியுமா? பிரான்ஸ் முடிந்து ஸ்பெயின் தொடங்கும் மூலையில். பிரனீஸ் மலை இறங்கி வந்து நேராக மத்தியதரைக் கடலில் காலை வைக்கிற இடம். நடுவில் மலைச்சரிவு முழுக்க திராட்சைத் தோட்டம். மலையைக் குடைந்து ஒரு ரயில் குகை. இந்தப் பக்கம் நுழைந்தால் ஒரு நாடு, அந்தப் பக்கம் வெளியே வந்தால் இன்னொரு நாடு.

இதெல்லாம் எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும். ரயில் டிரைவர் கேபினில் கேமரா வைத்து எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. ஜீப் முன் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே வருவது அதைத்தான். கண்ணை மூடினால் அடுத்த வளைவில் எந்தக் கோயில் கோபுரம் வரும் என்று சொல்வேன்; கோயில் என்றால் சர்ச். எந்தக் காற்று எந்த மாசத்தில் அடிக்கும் என்று சொல்வேன். ஜவ்வாது மலையில் அந்தக் கடற்கரைக்கு ஏக உரிமையாளன் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு அது எந்த நாடு என்றே தெரியாது. துறைத்தலைவர் எல்லோரையும் பேர் கொடுக்கச் சொன்னார் என்று கொடுத்தாள்.

பேட்டி வீடியோ காலில். முதலில் நான். மண், மழை, காற்று, அந்த ஊர்த் திராட்சையின் ரகம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினேன். திரையில் இரண்டு டீச்சர்களும் ஓரமாக ஒரு வயசான விவசாயியும். டீச்சர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பெரியவர் கொட்டாவி விட்டார்.

அடுத்து அவள். நான் ஜன்னலோரம் நின்றேன். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்டதும், தெரிந்த இங்கிலீஷைத் தட்டித் தடவி அவள் கேட்டது இதுதான்: உங்கள் தோட்டம் இவ்வளவு சரிவாக இருக்கிறதே, வண்டியை எப்படி நிறுத்துவீர்கள்?

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போனார். திரும்பி வந்து, மரத்தில் செய்த ஆப்பு ஒன்றைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அந்த ஆப்பு எனக்குத்தான் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். இப்படி வைப்போம், அப்படி வைப்போம் என்று. டீச்சர்கள் நடுவில் நுழையவே முடியவில்லை.

சீட் அவளுக்கு.

அம்மா சொன்னாள், "அந்தப் பொண்ணுக்குக் கெடச்சுதாமே? நல்ல பொண்ணுடா." நல்ல பையன் ஒருவன் அதே வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பது அம்மாவுக்குத் தெரியவில்லை.

அவள் போன பிறகு தினம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பாசத்தில் இல்லை. அந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது.

"ஏய், கடல் எப்டி கீது?"

"கீதுடா. பெருசா கீது."

"பெருசுன்னா? கலர் இன்னா? காலைல ஒரு மாதிரி, சாயந்தரம் ஒரு மாதிரி இருக்குமாமே?"

"அதெல்லாம் பாக்கல. இங்க சரிவு பாக்கணும்டா நீ. நம்ம மலையில சாம வெதைக்கிற கொல்ல தேவல. தெராட்ச அறுக்க ஒரு கால மேல ஒரு கால கீழ வச்சினு நிக்கணும். வண்டியெல்லாம் சும்மா அப்டியே நிக்கிது. எனக்கு பகீர்னு கீது."

"ரயில்ல போனியா? குகைக்குள்ள?"

"தூங்கிட்டேன்."

தூங்கிவிட்டாளாம்! நான் நூறு தடவைக்கு மேல் வீடியோவில் கடந்த குகை. போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். டிராக்டர் சக்கரம். வேன் சக்கரம். கூடை ஏற்றும் குட்டி வண்டியின் சக்கரம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கறுப்புக் கல்.

அப்புறம் அந்தக் கல்யாணக் கதை. இதை அவள் சிரித்துச் சிரித்து மூன்று மெசேஜாக அனுப்பினாள்.

மலை முகட்டில், இரண்டு நாட்டுக்கும் நடுவில் ரோடு தாண்டுகிற இடத்தில், பூட்டிக் கிடக்கிற பழைய செக்போஸ்ட் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு நாட்டுக் கடல், திரும்பினால் இன்னொரு நாட்டுக் கடல். பேட்டியில் ஆப்பைக் காட்டிய பெரியவர் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள்; அவரோடு அந்த வழியாக வேனில் போயிருக்கிறாள். ஒரு கல்யாண ஜோடி காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். ரோடு சரிவு. பின் சீட்டில் பெண்ணின் அத்தை, மடியில் மூன்று அடுக்குக் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறார்.

"நீ இன்னா பண்ண?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"இன்னா பண்ணுவேன்? பாவம்டா, வயசான அத்த உள்ள குந்தினு கீது. ரெண்டு சக்கரத்துக்கும் வச்சேன். அதுங்க போட்டோ எடுத்துட்டு வந்து வண்டிய எடுத்துச்சுங்க. எகிறிச்சு பாரு ஒரு எகிறு! அத்த மூஞ்சி ஃபுல்லா கேக்கு. மூக்கு மட்டும்தான் தெரியிது. நான் அழுதுட்டேன். பெரியவரு எனக்காக ஏதோ பேசுறாரு, நான் அழுறேன். அப்ப அந்த அத்த நாக்க நீட்டி மீச மாதிரி இருந்த கேக்க நக்கிப் பாத்து, 'நல்லாருக்கு'ன்ற மாதிரி கைய காட்டுச்சு. பொண்ணு மொத ஆளா சிரிச்சிச்சு. அப்பால எல்லாரும். அப்பால என்னையும் வண்டில ஏத்தினு கல்யாணத்துக்கே கூட்டினு போய்ட்டாங்கடா!"

எங்கள் மலையில் எவனும் செய்யக்கூடிய தப்புதான் அது; ஆனால் அதைக் கொண்டுபோய் இரண்டு நாட்டு எல்லையில் செய்து, கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டு வர அவளால்தான் முடியும். போட்டோ வந்தது. நடுவில் அவள், பெண்ணின் அத்தை தோளில் கை போட்டுக்கொண்டு, திராட்சைக் கறை படிந்த பாவாடையில். பின்னால் ஓரத்தில் நீலமாக ஏதோ. நான் பார்க்கத் துடித்த மொத்தக் கடலும் அதுதான். என் கட்டைவிரல் அகலம்.

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பாரு, அங்க போயும் எப்டி நடுவுல நிக்கிது பொண்ணு! நீ நம்ம சொந்தக்காரங்க கல்யாணத்துக்கே போன நோண்டினு ஓரமா குந்திகினு இருப்ப."

வந்தாள். ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் காய்ந்த திராட்சை. மாமாவுக்கு ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு வாரம் யாரையும் மதிக்கவில்லை. எனக்குச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கனமாக இருந்தது. ஆசையாகப் பிரித்தேன்.

கல். கறுப்பும் நீலமுமாக, அடுக்கடுக்காக, தட்டையாக ஒரு கல்.

"கல்லா?" என்றேன்.

"கல்லுதான். அந்த எடத்து மேல உசுரா இருந்தியே, அந்தத் தோட்டத்துக் கல்லுடா இது. பேக்குல எடை ஜாஸ்தியாய்டுச்சுன்னு ரெண்டு ஸ்வெட்டர அங்கயே வுட்டுட்டு வந்தேன். இத வுடல."

என்ன சொல்வது? நீ கடலில் நனைந்துவிட்டு, கல்யாணத்தில் ஆடிவிட்டு, எனக்கு அந்த ஊரில் காலில் இடறுகிற பொருளைக் கொண்டு வந்தாயா? "தேங்க்ஸ்" என்றேன். இறங்கும்போது அதை முன் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம், அதே மூன்றாவது வளைவு. ஜீப் நின்றது. "கல்லு!" "வச்சாச்சுண்ணா!" எட்டிப் பார்த்தால், பின் சக்கரத்துக்கடியில் பிரான்ஸ்.

மாமா சொன்னார், "சூப்பர் கல்லு மாப்ள இது. சீட்டுக்கடியில கெடந்துச்சு. தட்டையா கீது, வழுக்கவே இல்ல." அவள் என்னைப் பார்த்தாள். கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு படியில் ஏறிக்கொண்டாள். அதுதான் இன்னும் கடுப்பு. அன்றிலிருந்து அந்தக் கல் ஜீப்போடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒருவன்தான் எங்கேயும் போகவில்லை.

மறு வருஷம் மறுபடியும் பேர் கொடுத்தேன். இந்தத் தடவை மண்ணும் மழையும் பேசத் தயாராகவே போனேன். திரையில் அதே பெரியவர். அவர் கேட்டது ஒரே கேள்வி. நீ அந்தப் பெண்ணின் ஊரா?

"ஆமாம், ஒரே ஜீப்" என்றேன்.

வா என்றார். முடிந்தது பேட்டி. ஆறு வருஷம் நான் சேர்த்து வைத்த அறிவு எதற்கும் அங்கே வேலை இல்லை. அவள் ஏறுகிற ஜீப்பில் ஏறினதுதான் என் தகுதி.

பரவாயில்லை, போய்ச் சேர்ந்தால் போதும் என்று போனேன். ரயிலில் கண்ணைக்கூட இமைக்கவில்லை. நான் மனப்பாடம் செய்த அதே வளைவுகள் வந்தன. அதே சர்ச். ஆனால் வீடியோவில் காற்று இல்லை. ஜன்னலைத் திறந்ததும் மலையிலிருந்து கடலுக்கு ஓடுகிற காற்று சட்டைக்குள் புகுந்து என்னைத் தூக்கப் பார்த்தது. கடல் அங்கே ஒரே நீலம் இல்லை. பாறைக்குப் பக்கத்தில் பச்சை, தள்ளிப் போகப் போகக் கருநீலம். திராட்சை வரிசை ஒவ்வொன்றும் கறுப்புக் கல் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே விழாமல் நின்றது. பெரியவருடைய ஊரில் நான் இறங்காமல் வேண்டுமென்றே குகையைத் தாண்டி அந்தப் பக்க நாட்டுக்குப் போய், பிளாட்பாரத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். அந்த நேரம் முழுக்க அந்த மலையும் கடலும் திராட்சையும் என்னுடையவை. யாரும் குறுக்கே இல்லை.

ஸ்டேஷனில் பெரியவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். என் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டார்கள்: அவள் எப்படி இருக்கிறாள்?

எனக்குக் கொடுத்த அறை அவள் அறை. எனக்குக் கொடுத்த கத்தரிக்கோல் அவள் கத்தரிக்கோல். கதவுக்குப் பின்னால் இரண்டு ஸ்வெட்டர் தொங்கியது. குளிருக்குப் போட்டுக்கொள் என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. குளிரில் நடுங்கினேன்.

ஒரு நாள் மதியம், கூடைகளை ஏற்றிக்கொண்டு முகட்டு ரோட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில், வழக்கம் போல. ஒரு வளைவில் பெரியவர் வேனை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். கண்ணாடி முழுக்கக் கடல். நான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். இறங்குவார் என்று பார்த்தால் இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், என் மாமா குரலில், அதே மிரட்டலில்:

"கல்லு!"

பிரான்ஸ் தேசத்தில் அந்த மனுஷருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவா வேண்டும்?

இறங்கினேன். வேனுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு கல் இருந்தது. எடுத்தேன். மூன்று வருஷமாக மலையேறுகிற ஜீப்பில் பார்த்த மாதிரியே பின் சக்கரத்துக்குப் பின்னால் நச்சென்று வைத்தேன். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். இவ்வளவுதானே உன் வித்தை என்று இருந்தது. பெரியவர் இறங்கி வந்து அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். யாருக்கு என்று தெரிந்ததே.

சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றிருப்பாள் போல. உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. பெரியவர் சத்தமாகப் போட்டார்.

"டேய்! வண்டி மொகம் எந்தப் பக்கம் பாத்துனு கீது? கீழ, கடலப் பாத்துனு கீது. உருண்டா முன்னாடிதான் உருளும். நீ பின்னாடி போயி வச்சிருக்க! முன் சீட்டுலயே குந்திகினு வந்தா இப்டிதான்டா..." அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தாள். பின்னால் மாமாவின் குரல்: "மாப்ள, மலை மானத்த வாங்காதடா!" அதற்கும் பின்னால் ஜீப் முழுக்கச் சிரிப்பு.

பெரியவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவள் சிரித்தாள் என்பதற்காக அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்லை எடுத்தேன். சுற்றி வந்து, முன் சக்கரத்துக்கு முன்னால், சரிவுப் பக்கமாக வைத்து, காலால் ஒரு உதை கொடுத்து இறுக்கினேன். நிமிர்ந்தால் கீழே திராட்சை, அதற்குக் கீழே கடல், பக்கத்தில் மலை. மொத்தமும் எனக்குப் பின்னணியாக வந்து நின்றது. பெரியவர் மறுபடி போனைத் தூக்கினார். சரி, இந்தப் படமாவது எனக்கு என்று தலையைக் கோதி, நெஞ்சை நிமிர்த்தி, கடலுக்கு முன்னால் நின்றேன்.

அவர் என்னை லேசாக ஓரம் தள்ளினார். குனிந்து, சக்கரத்தை மட்டும் எடுத்தார். எடுத்து அவளுக்கு அனுப்பினார்.